இதயச் செயலிழப்பில் தூக்கம் கெட்டால்: மாத்திரையா, மூச்சுக் கருவியா, பயிற்சியா?

இதயச் செயலிழப்பு, அதாவது உடலுக்கு வேண்டிய அளவு ரத்தத்தை இதயத்தால் இறைக்க முடியாத நிலை, உள்ளவர்கள் மருத்துவரிடம் போனால் கால் வீக்கத்தைச் சொல்வார்கள், படியேறினால் மூச்சு வாங்குவதைச் சொல்வார்கள். இரவில் சரியாகத் தூங்குவதில்லை என்பதை எழுந்து கிளம்பும் நேரத்தில் சொல்வார்கள், இல்லையென்றால் சொல்லாமலே வந்துவிடுவார்கள். "இந்த வயசுல தூக்கம் எங்க வரும்" என்று வீட்டிலும் விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடக் கூடாத விஷயம் இது. இந்த நோயில் தூக்கம் கெடுவதற்குப் பெரும்பாலும் உடலிலேயே காரணம் இருக்கிறது, அதைச் சரிசெய்ய வழியும் இருக்கிறது.

பேச்சை எடுத்தால் நாலு யோசனைகள் வரும். நீர் மாத்திரையின் நேரத்தை மாற்றுங்கள், தலையை உயர்த்திப் படுங்கள் என்பது ஒன்று. தூக்க ஆய்வு செய்து மூச்சுக் கருவி வைத்துக்கொள்ளுங்கள் என்பது இரண்டாவது. தூக்கமின்மைக்கான நடத்தைப் பயிற்சி மூன்றாவது. நான்காவது தூக்க மாத்திரை. பலர் முதலில் கேட்பது இதைத்தான். இந்த நாலில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஒருவருக்கு நிம்மதி தந்த கருவியே, இதயத்தின் நிலை வேறாக இருக்கும் இன்னொருவருக்கு ஆபத்தாகியிருக்கிறது. ஆகவே தூக்கம் எந்த விதத்தில் கெடுகிறது என்பதை முதலில் பிடிக்க வேண்டும். அப்புறம்தான் தேர்வு.

இரவு எப்படி உடைகிறது?

தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் மூச்சு முட்டி எழுந்து, உட்கார்ந்தோ ஜன்னல் பக்கம் போய் நின்றோ சிறிது நேரத்தில் அடங்குகிறதா? நுரையீரலில் நீர் தேங்குவதன் அடையாளம் அது. சிறுநீருக்காக மூன்று நான்கு முறை எழ வேண்டியிருக்கிறதா? பகலில் காலில் தங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீரகம் இரவில் வேலை செய்யத் தொடங்குகிறது என்று பொருள். நீர் மாத்திரை எடுக்கும் நேரமும் இதில் சேர்ந்திருக்கலாம்.

பலத்த குறட்டை, நடுவில் மூச்சு நின்று திடுக்கென்று திரும்புவது, காலையில் தலைவலி, வாய் உலர்ந்து போவது: இவை தொண்டைப் பாதை அடைபடும் ஸ்லீப் ஆப்னியாவின் பக்கம் கைகாட்டுகின்றன. மூச்சு மெல்ல மெல்ல ஆழமாகி, பிறகு குறைந்து குறைந்து, சில நொடிகள் அறவே நின்று, மறுபடி தொடங்கினால் அது வேறு வகை. 1818-இல் ஜான் செய்னும் 1854-இல் வில்லியம் ஸ்டோக்ஸும் டப்ளினில் விவரித்ததால் இதற்கு செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். இங்கே தொண்டை திறந்துதான் இருக்கும். மூச்சு விடும் கட்டளைதான் மூளையிலிருந்து வருவதில்லை. ரத்தம் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேர பலவீனமான இதயம் கூடுதல் நேரம் எடுக்கிறது. கரியமில வாயுவின் அளவை உணரும் பகுதியோ மிகையாகத் துடிப்பாக இருக்கிறது. தகவல் தாமதமாக வந்து, பதில் மிகையாகப் போவதால் மூச்சு ஊசலாடுகிறது. மைய வகை ஆப்னியா என்று மருத்துவர்கள் சொல்வது இதை. இந்த இரண்டு வகைகளையும் பிரித்தறிவதில்தான் பின்னால் வரும் பெரிய முடிவு தங்கியிருக்கிறது.

இவை எதுவும் இல்லாமல், விளக்கை அணைத்துப் படுத்தும் மனம் ஓயாமல் ஓடுவது தூக்கமின்மை. "தூங்கினால் எழுந்திருப்பேனா" என்ற பயம் இந்த நோயாளிகள் பலருக்கு உண்டு. வெட்கப்பட்டு வெளியே சொல்ல மாட்டார்கள். கேட்டால்தான் வரும். கூட இருப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள்.

மாலையானால் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத குடைச்சலும் தூக்கத்தைப் பறிக்கும். இரும்புச்சத்துக் குறைபாடு இதன் காரணங்களில் ஒன்று. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அந்தக் குறைபாடு இருப்பதால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. மாத்திரைகளையும் பாருங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் போன்றவை சிலருக்கு வறட்டு இருமலைத் தரும். மெட்டோப்ரோலால், ப்ரொப்ரனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் கெட்ட கனவுகளைக் கொண்டுவரலாம். இவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாக பீட்டா பிளாக்கரைத் திடீரென்று விடுவது ஆபத்து. மாற்று இருக்கிறதா என்று மருத்துவரைக் கேட்டால் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை எழுந்தீர்கள், எதற்காக எழுந்தீர்கள், எத்தனை தலையணை, காலை எடை எவ்வளவு. மருத்துவமனையில் பிட்ஸ்பர்க் தூக்கத் தர அட்டவணை என்ற கேள்வித்தாளைத் தரலாம். 1989 முதல் புழக்கத்தில் இருப்பது. 21-க்கு 5-க்கு மேல் போனால் தூக்கத்தின் தரம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். தூக்கம் கெட்டிருக்கிறதா என்பதை அது சொல்லும், ஏன் கெட்டது என்பதைச் சொல்லாது. அதற்கு உங்கள் நோட்டுதான் உதவும்.

செலவில்லாத வழி, ஆனால் சரியாகச் செய்ய வேண்டும்

முதலில் பார்க்க வேண்டியது நீரைத்தான் என்பது என் உறுதியான கருத்து. உடலில் நீர் தேங்கியிருக்கும்போது செய்யும் மற்ற எதுவும் பாதிப் பலன்தான் தரும். ஆப்னியாவின் இரண்டு வகைகளுக்கும்கூட அந்த நீர் ஒரு காரணம்: காலில் இருந்தது படுத்ததும் மேலே நகர்ந்து, கழுத்துத் திசுக்களில் தங்கித் தொண்டைப் பாதையைக் குறுக்குகிறது, நுரையீரலில் தங்கி மூச்சின் ஊசலாட்டத்தைத் தூண்டுகிறது.

ஃப்ரூசெமைடு என்ற நீர் மாத்திரை, வாய்வழி எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி, சுமார் 6 மணி நேரம் சிறுநீரைப் போக்கும். இரண்டாவது வேளையை இரவு 7 மணிக்கு எடுத்தால் நள்ளிரவு தாண்டியும் எழுந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். அதே மாத்திரையைப் பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணிக்குள் எடுத்தால் தூங்கப் போகும்போது வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும். பகலில் வெளியே போகும்போது தொந்தரவாக இருக்கிறது என்று இரவுக்குத் தள்ளுபவர்கள் நிறையப் பேர். அந்தச் சிரமம் உண்மையானதுதான். ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை, கெட்டுப்போகும் தூக்கமும் இருட்டில் தடுக்கி விழும் ஆபத்தும்தான். நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடமோ செவிலியரிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். உங்கள் மற்ற மருந்துகளோடு அது பொருந்துகிறதா என்று அவர்கள் பார்த்துச் சொல்வார்கள்.

பிற்பகலில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்தி வைத்துக்கொண்டு ஓய்வெடுத்தால், நள்ளிரவில் திரும்ப வேண்டிய நீர் மாலையிலேயே திரும்பிவிடும். அப்படி வைத்ததும் மூச்சு முட்டினால் உடனே இறக்கிவிடுங்கள், அதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

படுக்கும்போது மேலுடம்பை உயர்த்துவது மூச்சிரைப்பு உள்ள பலருக்கும் முதல் இரவிலேயே வித்தியாசம் காட்டும். தலையணைகளை அடுக்கினால் கழுத்துதான் மடியும், மார்பு உயராது. இடுப்பிலிருந்து சரிவாக உயரும் ஆப்புத் தலையணையோ, கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துவதோ மேல். பக்கவாட்டில் படுப்பது மூச்சு நிற்பதை இரண்டு வகையிலும் குறைக்கும். இதயம் பெரிதாகியுள்ளவர்களில் பலருக்கு வலப்பக்கம்தான் வசதியாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. ஒரு தலையணையோடு தூங்கியவருக்கு இப்போது மூன்று தேவைப்படுகிறது, அல்லது நாற்காலியில்தான் தூக்கம் வருகிறது என்றால் அது படுக்கும் விதத்தைப் பற்றிய பிரச்சினையே இல்லை. நோய் மோசமாகிறது. அதோடு 3 நாளில் எடை 2 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். உட்கார்ந்தும் மூச்சு அடங்கவில்லை என்றால் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

இந்த வழியின் குறை என்ன? அடைப்பு வகை ஆப்னியா கடுமையாக இருந்தால் இது மட்டும் போதாது. இரண்டு மூன்று வாரத்தில் இரவு மாறவில்லை என்றால் இதையே நீட்டித்துக்கொண்டு நாளைக் கடத்தாதீர்கள்.

மூச்சுக் கருவி: வகை தெரியாமல் முடிவில்லை

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு ஏதாவது ஒரு வகையில் இருக்கிறது. மற்றவர்களைப் போல இவர்கள் பகலில் தூங்கி வழிவதில்லை என்பதுதான் சிக்கல். பகல் தூக்கத்தை அளக்கும் கேள்வித்தாளில் குறைந்த மதிப்பெண் வாங்கிவிட்டு, ஆய்வில் கடுமையான ஆப்னியாவோடு வெளிப்படுவார்கள். எனவே "எனக்குப் பகலில் தூக்கம் வருவதில்லையே" என்பதை வைத்து ஆய்வைத் தள்ளிப் போடுவது சரியில்லை.

ஆய்வு எங்கே செய்வது? வீட்டில் விரலிலும் மூக்கிலும் மாட்டிக்கொள்ளும் எளிய கருவி, மற்றபடி ஆரோக்கியமாக இருந்து குறட்டை விடுபவர்களுக்குப் போதும். இதயச் செயலிழப்பு இருந்தால் மருத்துவமனையில் ஒரு இரவு தங்கிச் செய்யும் முழு ஆய்வையே அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2017-இல் பரிந்துரைத்தது. மைய வகையா, அடைப்பு வகையா என்பதை அதுதான் நம்பகமாகப் பிரிக்கும். புது இடத்தில் வயர்களோடு படுப்பது இனிமையான அனுபவம் இல்லைதான். ஆனாலும் இந்த நோயாளிகளுக்கு அந்த ஒரு இரவு தகும். மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்ற எண்ணை அறிக்கையில் தருவார்கள்: 5-க்குக் கீழே சரி, 15-க்கு மேல் மிதமானது, 30-க்கு மேல் கடுமையானது.

அடைப்பு வகை என்று வந்தால் சிபேப் நல்ல தேர்வு. முகமூடி வழியாகத் தொடர்ந்து காற்றழுத்தம் தந்து தொண்டைப் பாதையைத் திறந்து வைக்கும். 2003-இல் வெளியான, 24 பேர் மட்டுமே பங்கேற்ற ஒரு சிறு ஆய்வில், ஒரு மாதத்தில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் விகிதம் சராசரியாக 25 சதவீதத்திலிருந்து சுமார் 34 சதவீதமாக உயர்ந்தது. நம்பிக்கை தரும் முடிவு. ஆனால் 2016-இல் வெளியான சேவ் என்ற ஆய்வையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இதய ரத்தக்குழாய் அல்லது மூளை ரத்தக்குழாய் நோயோடு அடைப்பு வகை ஆப்னியாவும் உள்ள 2,717 பேரிடம் நடந்தது அது. மாரடைப்பும் பக்கவாதமும் சிபேப்பால் குறையவில்லை. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலையும் வாழ்க்கைத் தரமும் மேம்பட்டன. அதில் இருந்தவர்கள் இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள். ஆக, நன்றாகத் தூங்கவும் பகலில் தெளிவாக இருக்கவும் சிபேப் எடுங்கள். ஆயுள் கூடும் என்ற வாக்குறுதியோடு யாராவது விற்றால் அதை நம்பி எடுக்காதீர்கள். நன்றாகத் தூங்குவதே போதுமான காரணம் என்பேன்.

மைய வகை என்று வந்தால் கதை மாறுகிறது. 258 பேரிடம் நடந்து 2005-இல் வெளிவந்த கேன்பேப் ஆய்வில் சிபேப் மூச்சுத் தடையைக் குறைத்தது, உயிர்காப்பில் பலன் காட்டவில்லை. இன்னும் நுட்பமான கருவி வந்தது: ஒவ்வொரு மூச்சையும் கவனித்து, குறையும்போது கூடுதல் அழுத்தம் தரும் ஏஎஸ்வி. கருவி மூச்சின் ஊசலாட்டத்தை அழகாகச் சமன் செய்தது. எல்லோரும் எதிர்பார்ப்போடு இருந்தார்கள். 2015-இல் செர்வ்-எச்எஃப் முடிவு வந்தது. வெளியேற்று விகிதம் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, மைய வகை மேலோங்கிய 1,325 பேரில், கருவி வைத்தவர்களுக்கு இதய நோயால் இறக்கும் அபாயம் 34 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூச்சு சீரானது, மரணம் கூடியது. வரைபடத்தில் அழகாகத் தெரிவதும் நோயாளிக்கு நல்லதும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இந்தத் துறை இப்படித்தான் கற்றுக்கொண்டது.

2024-இல் வெளியான அட்வென்ட்-எச்எஃப் சற்று வேறு விதமாக இயங்கும் ஏஎஸ்வி கருவியை, அடைப்பு வகையோ மைய வகையோ உள்ள 731 பேரிடம் பரிசோதித்தது. மரணமோ மருத்துவமனை அனுமதியோ குறையவில்லை. பாதிப்பும் தென்படவில்லை, தூக்கத்தின் தரம் கூடியது. கதவு முழுவதும் மூடவில்லை என்று இதைப் படிக்கலாம். இருந்தாலும் வெளியேற்று விகிதம் 45 சதவீதமோ குறைவாகவோ உள்ள ஒருவர் மைய வகைக்காக ஏஎஸ்வி எடுப்பதை நான் சாதாரணத் தேர்வாகச் சொல்ல மாட்டேன். இந்த விஷயத்தில் தேர்ந்த மருத்துவர், செர்வ்-எச்எஃப் முடிவு தெரிந்து, காரணத்தோடு சொன்னால் மட்டும் எடுக்கலாம். சொந்தக்காரர் பயன்படுத்திய பழைய கருவி வீட்டில் இருக்கிறதே என்று மாட்டிக்கொள்வது கூடவே கூடாது. உங்கள் எக்கோ அறிக்கையில் உள்ள வெளியேற்று விகிதத்தைத் தூக்க மருத்துவர் பார்த்தாரா என்று நீங்களே கேளுங்கள். இதய மருத்துவரும் தூக்க மருத்துவரும் வெவ்வேறு இடங்களில் இருக்கும்போது இந்த எண் நடுவில் தவறிப் போக வாய்ப்பு அதிகம்.

மைய வகைக்கு வேறு வழிகள் உண்டா? உதரவிதானத்தை இயக்கும் நரம்பைத் தூண்டும் உள்பொருத்துக் கருவிக்கு அமெரிக்காவில் 2017-இல் அனுமதி கிடைத்தது. அறுவை சிகிச்சை வேண்டும், எல்லா இடத்திலும் கிடைக்காது. இரவு ஆக்சிஜன் சிலருக்கு மூச்சின் ஊசலாட்டத்தைத் தணிக்கும், ஆனால் மருத்துவர் அளவு சொல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை அது.

பயிற்சியும் தூக்க மாத்திரையும்

நீர் கட்டுக்குள் இருக்கிறது, மூச்சும் சரி, ஆனாலும் தூக்கம் வரவில்லை என்றால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தேர்வு. இங்கே எனக்குத் தயக்கமில்லை: பயிற்சிதான் முதலில்.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு மருந்துக்கு முன்பாக நடத்தைப் பயிற்சியை முதல் சிகிச்சையாகத் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வழிகாட்டியது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமே சோதித்த ஹார்ட்ஸ்லீப் ஆய்விலும் தூக்கமின்மையும் களைப்பும் குறைந்தன. "சீக்கிரம் படு, போனைப் பார்க்காதே" என்ற அறிவுரையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சில வாரங்கள் பயிற்சியாளரோடு செய்வது. தினமும் ஒரே நேரத்தில் எழுவது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குப் போவது. 20 நிமிடம் போல் விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு இடத்தில் அமைதியாக உட்காருவது. படுக்கையில் கழிக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு நெருக்கமாகக் குறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. முதல் வாரங்களில் களைப்பு அதிகமாகும். அதனால்தான் தனியாகக் கடுமையாகச் செய்யாமல், இதய நோயைத் தெரிந்த ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். பலன் தாமதமாக வரும், ஆனால் பயிற்சி முடிந்த பிறகும் நிற்கும்.

மாத்திரை அன்றிரவே வேலை செய்யும். அதன் ஈர்ப்பு அதுதான், அது புரிந்துகொள்ளக்கூடியதும்கூட. வாரக்கணக்கில் தூங்காதவரிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது எளிதில்லை. ஆனால் இந்த நோயில் அதற்கான ஆபத்து கூடுதல். டயஸெபாம் குடும்பத்து மருந்துகள் மூச்சின் உந்துதலை மந்தமாக்கலாம், கண்டுபிடிக்காத ஆப்னியாவை மோசமாக்கலாம். நீர் மாத்திரையால் இரவில் எழுபவர் தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு நடந்தால் விழுவார். ஸோல்பிடெம் போன்றவற்றுக்கு, தூக்கத்திலேயே நடப்பது, வண்டி ஓட்டுவது போன்ற ஆபத்துகளுக்காக 2019-இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் மிகக் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும், தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மருந்தான டைபென்ஹைட்ரமின் வயதானவர்களுக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் தரும். சளி மருந்துகளிலும் அது ஒளிந்திருக்கும், பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

தூக்க ஹார்மோனான மெலட்டோனின் பற்றிப் பலர் கேட்கிறார்கள். பீட்டா பிளாக்கர்கள் சில, இரவில் உடல் சுரக்கும் மெலட்டோனினைக் குறைக்கின்றன. ரத்த அழுத்தத்துக்காக அவற்றை எடுத்துவந்த 16 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான சோதனையில், மூன்று வாரம் 2.5 மில்லிகிராம் தந்தபோது தூக்கம் சுமார் 36 நிமிடம் கூடியது. காரணத்தோடு பொருந்தும் யோசனைதான். ஆனால் 16 பேர் மிகக் குறைவு, அவர்கள் இதயச் செயலிழப்பு உள்ளவர்களும் இல்லை. மருத்துவரைக் கேட்டுக் குறுகிய காலம் முயலலாம், வருடக்கணக்கில் சுயமாக எடுக்க வேண்டாம்.

மாத்திரையை அறவே விலக்கச் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து வந்த கலக்கமான நாட்களில், ஆப்னியா இல்லை என்று தெரிந்த பிறகு, குறைந்த அளவில், முடியும் தேதி குறித்து, மருத்துவர் தந்தால் எடுக்கலாம். மனச்சோர்வு இருந்தால் தூக்க மாத்திரையால் அது தீராது, அதற்கான சிகிச்சையைத் தனியாகத் தொடங்க வேண்டும். தூக்கமும் பெரும்பாலும் அதோடு சேர்ந்து தேறும்.

நேரத்தையும் கணக்கில் எடுங்கள்

புதிதாக நோய் கண்டறியப்பட்டு மருந்துகளின் அளவை இப்போதுதான் ஏற்றிவருகிறார்கள் என்றால், மைய வகை ஆப்னியாவுக்காகக் கருவி வாங்க அவசரப்படாதீர்கள். இதயம் தேறும்போது அந்த மூச்சு ஊசலாட்டம் குறைவதும் சிலருக்கு மறைவதும் உண்டு. இதயத் துடிப்பை ஒத்திசைக்கும் பேஸ்மேக்கர் பொருத்திய பிறகும் இப்படி நடக்கிறது. மருந்துகள் நிலைப்பட்ட பிறகு, நீர் வடிந்த உடலோடு ஆய்வை மறுபடி செய்து பார்த்து முடிவெடுப்பது புத்திசாலித்தனம். அடைப்பு வகைக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை. தூக்கமின்மையும் அடைப்பு ஆப்னியாவும் சேர்ந்தே இருக்கும் ஒருவர் முகமூடியோடு மல்லாடிக் கைவிடுவது வழக்கம். அவருக்கு நடத்தைப் பயிற்சியைக் கருவியோடு சேர்த்தே தொடங்கச் சொல்லுங்கள். முகமூடி பொருந்தவில்லை என்றால் மூக்கை மட்டும் மூடுவது, மூக்கும் வாயும் மூடுவது என்று அளவுகளும் வடிவங்களும் பல உண்டு. முதல் மாதத்தில் ஒரு முறையாவது போய் மாற்றிப் பாருங்கள்.